மதர்போர்டைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள்

கேள்வி இது: "ஐ5-6500 ப்ராசஸர், 8 ஜிபி டிடிஆர்4 ரேம், சாட்டா எஸ்எஸ்டி, 450 வாட் பவர் சப்ளை, நடுத்தர கிராபிக்ஸ் கார்டு. கணினி திணறுகிறது. மதர்போர்டை மட்டும் மாற்றினால் வேகம் கூடுமா? எந்த போர்டு வாங்கலாம்?"

கூடாது. மதர்போர்டுக்கென்று தனி வேகம் கிடையாது. ஒரே ப்ராசஸரையும் ஒரே ரேமையும் எளிய போர்டிலும் உயர்ரக போர்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டினால், அந்த ப்ராசஸருக்கு இரண்டு போர்டுகளின் மின்வழங்கலும் போதுமானதாக இருக்கும்வரை வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. எதைப் பொருத்த முடியும், பின்னால் எதைச் சேர்க்க முடியும், பொருத்தியது மணிக்கணக்கில் நிலையாக ஓடுமா என்பதைத்தான் போர்டு தீர்மானிக்கிறது. அதனால் முதலில் வேலை என்ன என்று பாருங்கள், அதற்கேற்ற ப்ராசஸரை முடிவு செய்யுங்கள், பிறகு ரேம். இவை முடிவான பின் போர்டுகளின் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு உங்கள் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். ரேம் 90 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது, ப்ராசஸர் பாதிகூட வேலை செய்யவில்லை என்றால், இருக்கும் போர்டிலேயே இன்னொரு 8 ஜிபி போட்டாலே திணறல் அடங்கிவிடும். நான்கு கோர்களும் 100 சதவீதத்தில் நின்றால்தான் ப்ராசஸர் மாற்றம் தேவை. இன்னொரு காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஆறாம் தலைமுறை இன்டெல் ப்ராசஸர் விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. அந்தப் பட்டியல் இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டியில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான் தொடங்குகிறது.

இந்த இடத்தில் பலர் ஒரு பொறியில் விழுகிறார்கள். ஐ5-6500 உட்காரும் சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ1151. எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக்கும் சாக்கெட் பெயர் அதே எல்ஜிஏ1151தான். பெயரைப் பார்த்து, பழைய போர்டில் ஐ5-8400-ஐயோ, புதிதாக வாங்கிய 300 வரிசை போர்டில் பழைய 6500-ஐயோ வைத்துவிடுகிறார்கள். இடம் பொருந்தும், கணினி ஓடாது. மின்சாரத்துக்கும் தரைக்கும் ஒதுக்கப்பட்ட பின்கள் இரண்டு தலைமுறைக்கும் வேறு. 100, 200 வரிசை சிப்செட்டுகள் (ப்ராசஸரையும் மற்ற பாகங்களையும் இணைக்கும் போர்டின் சில்லு) ஆறு, ஏழாம் தலைமுறைக்கு. 300 வரிசை எட்டு, ஒன்பதுக்கு. சாக்கெட் பெயர் ஒத்துப்போவது போதாது. போர்டுத் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான ப்ராசஸர் ஆதரவுப் பட்டியல் இருக்கும். அதில் உங்கள் ப்ராசஸரின் பெயர் இருக்க வேண்டும், அது எந்த பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) பதிப்பிலிருந்து என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆக, போர்டும் ப்ராசஸரும் சேர்ந்தேதான் மாற வேண்டும். மூன்று பாதைகள் உண்டு.

முதல் பாதை ஏஎம்4. ரைசன் 5 5600 அல்லது 5700எக்ஸ், பி550 போர்டு. டிடிஆர்4 ரேம் அப்படியே உதவும். 2017-இல் ரைசனோடு பரவிய சாக்கெட் இது. இதற்கு மேல் பெரிய முன்னேற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் எல்லாக் கோளாறுகளும் தீர்க்கப்பட்டு நன்கு பழகிய தளம். மாடல் பெயர்களில் மட்டும் கவனம் வேண்டும். 5600, 5600எக்ஸ், 5700எக்ஸ் ஆகியவை பிசிஐஇ 4.0 (கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி போன்றவை இணையும் வழி; எண் கூடினால் வேகம் கூடும்) தருபவை. 5500, 5600ஜி, எக்ஸ் இல்லாத வெறும் 5700 ஆகியவை பிசிஐஇ 3.0 மட்டுமே தருபவை. போர்டு பி550 ஆக இருந்தாலும் ப்ராசஸர் தராததைப் போர்டு தர முடியாது. நான்கு லேன் (பிசிஐஇ-இல் தரவு போகும் தடம்) மட்டுமே உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டுகளில் இந்த வேறுபாடு விளையாட்டில் நன்றாகவே தெரியும். முழு 16 லேன் உள்ள கார்டுகளில் பெரிதாகத் தெரியாது.

இரண்டாவது, எல்ஜிஏ1700. இன்டெலின் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகளும் இதில் ஓடும். டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ஒரே பெயரில் இரண்டு வகையும் வரும். பெயரின் இறுதியில் 'டி4' என்றோ 'டிடிஆர்4' என்றோ இருக்கிறதா என்பதை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். இரண்டு ரேமுக்கும் 288 தொடர்புப் புள்ளிகள்தான், நீளமும் ஒன்றுதான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்தி நுழைக்கப் பார்த்தால் ஸ்லாட் உடையும்.

மூன்றாவது ஏஎம்5. 2022 செப்டம்பரில் வந்தது. டிடிஆர்5 மட்டுமே. ரைசன் 7000, 8000, 9000 வரிசைகள் இதில் உட்காருகின்றன. 2027-ஐத் தாண்டியும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. பின்னால் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் இதுதான் பொருத்தம். இன்டெலின் புதிய எல்ஜிஏ1851 சாக்கெட்டும் டிடிஆர்5-ஐ மட்டுமே ஏற்கும். 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கானது அது.

உங்கள் நிலைமைக்கு என் தீர்ப்பு இது. கையில் இருப்பது பெரும்பாலும் 2133 அல்லது 2400 வேகமுள்ள ஒற்றை 8 ஜிபி ரேம். அதைக் காப்பாற்றுவதற்காக ஒரு தளத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 3200 வேகத்தில் 32 ஜிபி வைத்திருந்தால் டிடிஆர்4 பாதை நியாயம். ஒரு பழைய குச்சிக்காக அல்ல. ஐந்தாறு ஆண்டுகள் ஓட்ட வேண்டும், நடுவில் ஒருமுறை ப்ராசஸர் மாற்றலாம் என்றால் ஏஎம்5-இல் பி650 அல்லது பி850. இப்போதைய தேவை தீர்ந்தால் போதும் என்றால் ஏஎம்4-இல் பி550.

சிப்செட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேவையில்லாமல் பணம் போவதும் தேவையானது விட்டுப்போவதும் இங்கேதான். இன்டெலில் ப்ராசஸரின் பெருக்கியை ஏற்றி ஓவர்கிளாக் செய்ய (அறிவித்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்ட) இசட் வரிசை வேண்டும், ப்ராசஸரும் 'கே' எழுத்துள்ளதாக இருக்க வேண்டும். ஐ5-12400-ஐ இசட்790 போர்டில் வைப்பதில் பயன் இல்லை. பி660, பி760 போர்டுகள் ரேமை எக்ஸ்எம்பி (ரேம் தயாரிப்பாளர் அதிலேயே பதித்துத் தரும் கூடுதல் வேக அமைப்பு) வேகத்தில் ஓட்டும். பெரும்பாலோருக்கு அது போதும். எச்610 ரேமை இன்டெல் அறிவித்த வேகத்துக்கு மேல் போக விடாது, ரேம் ஸ்லாட் இரண்டுதான், எம்.2 ஸ்லாட் (மெல்லிய அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) பெரும்பாலும் பிசிஐஇ 3.0 வேகத்தில் ஒன்று. அலுவலக வேலைக்கு இது நல்ல போர்டு. பின்னால் எதையும் சேர்க்கும் திட்டம் இருந்தால் வேண்டாம். ஏஎம்டி பக்கம் பி வரிசையிலேயே ஓவர்கிளாக் அனுமதி உண்டு. விதிவிலக்கு பி840: பெயர் பி850-க்கு அடுத்ததுபோலத் தோன்றினாலும் ப்ராசஸர் ஓவர்கிளாக் இல்லை, சிப்செட்டின் லேன்களும் பிசிஐஇ 3.0. ஏ620 ரேமை எக்ஸ்போ (எக்ஸ்எம்பி போன்ற ஏஎம்டி அமைப்பு) வேகத்தில் ஓட்டும், ஆனால் சில ஏ620 போர்டுகள் 65 வாட் ப்ராசஸர்களுக்கென்றே செய்யப்பட்டவை.

அந்த வாட் கணக்கு முக்கியம். பவர் சப்ளை போர்டுக்குத் தருவது 12 வோல்ட். ப்ராசஸர் கேட்பது ஏறக்குறைய 1 வோல்ட் சுற்றிலும். நடுவில் இறக்கித் தரும் பகுதியைத்தான் விஆர்எம் என்கிறோம். சாக்கெட்டின் இடப்பக்கமும் மேல்பக்கமும் சதுரமான சோக்குகள் (மின்சுருள்கள்) வரிசையாக நிற்பது அதுதான். 120 வாட் இழுக்கும் ப்ராசஸர் 1.2 வோல்ட்டில் 100 ஆம்பியர் கேட்கிறது. அவ்வளவு மின்னோட்டத்தைக் கையாளும் மாஸ்ஃபெட்டுகள் சூடாகாமல் இருக்காது. சூடு எல்லை தாண்டினால் போர்டு ப்ராசஸரின் வேகத்தைக் குறைத்துவிடும். ஐந்து நிமிட சோதனையில் இது தெரியாது. அரை மணி நேர வீடியோ ரெண்டரில் தெரியும். முதல் சில நிமிடம் 4.5 கிகாஹெர்ட்ஸ், பிறகு திடீரென்று 3-க்குக் கீழே, பிறகு மேலே, பிறகு கீழே. ப்ராசஸரின் வெப்பநிலையோ 70 டிகிரிதான் காட்டும். கூலரைக் குறை சொல்லி மாற்றுவார்கள், ஒன்றும் மாறாது.

பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஐ5-12400 என்பது 65 வாட் என்று எழுதியிருக்கும், அதன் உச்ச டர்போ அளவு 117 வாட். ரைசன் 5 7600-க்கு 65 என்று இருக்கும், சாக்கெட் வழியே 88 வரை போகும். ஏஎம்டியில் 105 என்று எழுதியிருந்தால் 142, 170 என்றால் 230. ஐ9-14900கே 253 வாட். முதல் இரண்டுக்கும் விஆர்எம் மேல் ஓர் உலோக ஹீட்சிங்க் இருக்கும் எந்த நடுத்தர பி வரிசை போர்டும் போதும். கடைசி வகைக்குக் கனமான ஹீட்சிங்க்கும் இரட்டை 8-பின் இணைப்பும் உள்ள போர்டு வேண்டும். '14+2+1 ஃபேஸ்' (விஆர்எம்மில் உள்ள மின் பிரிவுகளின் எண்ணிக்கை) என்ற விளம்பர எண்ணைத் தனியாக வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு ஃபேஸ்களை ஒரே கட்டளைக் கோட்டில் இணையாகக் கட்டி இரட்டிப்பாக எண்ணுவது வழக்கம்; ஒவ்வொன்றும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு. ஹீட்சிங்க் இல்லாத மொட்டை விஆர்எம் உள்ள போர்டை எட்டுக் கோர் ப்ராசஸருக்கு வாங்க வேண்டாம்.

அடுத்து ஸ்லாட்டுகள். ஏஎம்5 ப்ராசஸர் (7000, 9000 வரிசை) தருவது 28 லேன்: கிராபிக்ஸுக்கு 16, எம்.2-க்கும் மற்றவற்றுக்கும் 8, சிப்செட்டுக்கு 4. சிப்செட்டுக்குப் பின்னால் இருக்கும் சாட்டா, இரண்டாவது மூன்றாவது எம்.2, நெட்வொர்க், யுஎஸ்பியின் பெரும்பகுதி எல்லாமே அந்த 4 லேனைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் விண்டோஸ் இருக்கும் என்விஎம்இ (பிசிஐஇ வழியே ஓடும்) எஸ்எஸ்டியை ப்ராசஸருக்கு நேரடியாகப் போகும் எம்.2 ஸ்லாட்டில் போடுங்கள். அது பெரும்பாலும் சாக்கெட்டுக்கும் கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்கும் நடுவே இருக்கும். கீழே இருக்கும் நீண்ட ஸ்லாட் தோற்றத்தில் 16 லேன், உள்ளே இணைப்பு 4 அல்லது 1 லேன் மட்டுமே. கிராபிக்ஸ் கார்டை அதில் போட்டுவிட்டு வேகம் இல்லை என்பவர்கள் உண்டு. கேப்சர் கார்டு, ஒலி அட்டை போன்ற கூடுதல் அட்டை இருந்தால், மூன்று ஸ்லாட் தடிமனுள்ள கிராபிக்ஸ் கார்டு கீழே உள்ள சிறு ஸ்லாட்டை மூடிவிடுமா என்று போர்டின் படத்தை வைத்து அளந்து பாருங்கள்.

எம்.2 ஸ்லாட் இரண்டாவதை நிரப்பினால் சாட்டா 5, 6 செயலிழக்கும் போர்டுகள் நிறைய. பழைய ஹார்டுடிஸ்க் திடீரென்று காணாமல் போனால் பழுது என்று நினைக்க வேண்டாம், கையேட்டில் அந்த அட்டவணையைப் பாருங்கள். வாங்கும் முன்பே கையேட்டை இறக்கிப் படிப்பது இதற்காகத்தான். இன்னொன்று, எம்.2 வடிவில் இருக்கும் எஸ்எஸ்டி எல்லாம் என்விஎம்இ அல்ல. சாட்டா வகை எம்.2 எஸ்எஸ்டி இருந்தால், புதிய போர்டுகளில் பல ஸ்லாட்டுகள் அதை ஏற்பதே இல்லை.

ரேமில் இரண்டு குச்சி வாங்குங்கள், நான்கு வேண்டாம். டிடிஆர்5-இல் இது ஆலோசனை அல்ல, கணக்கு. ரைசன் 7000 இரண்டு குச்சிகளுக்கு 5200 வேகத்தை ஆதரிக்கிறது, நான்கு போட்டால் அதிகாரபூர்வ வேகம் 3600. 32 ஜிபி வேண்டுமென்றால் 16 இரண்டு, 64 வேண்டுமென்றால் 32 இரண்டு. ஏஎம்5-க்கு 6000 வேகமுள்ள எக்ஸ்போ ஜோடி நன்றாக ஒத்துப்போகிறது. நான்கு ஸ்லாட் இருந்தால் சாக்கெட்டிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். பொருத்தியதோடு முடியவில்லை, பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்காவிட்டால் 6000 ரேம் 4800-இல்தான் காலம் தள்ளும்.

கேபினட்டைப் பொறுத்தவரை போர்டின் அளவைப் பாருங்கள்: ஏடிஎக்ஸ் 305-க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244-க்கு 244, மினி ஐடிஎக்ஸ் 170-க்கு 170. ஒரே கிராபிக்ஸ் கார்டும் இரண்டு எஸ்எஸ்டியும் போதும் என்பவர்களுக்கு மைக்ரோ ஏடிஎக்ஸ் தாராளம். உங்களுடையது ஒரு பெரிய நிறுவனம் தயார்நிலையில் விற்ற கணினி என்றால் முதலில் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். போர்டுக்குப் போகும் பெரிய பவர் இணைப்பு 24 பின்னாக இல்லாமல் 6 பின்னோ 8 பின்னோ ஆக இருந்தால் அந்த பவர் சப்ளை வேறு எந்தப் போர்டுக்கும் உதவாது. முன்பக்கப் பொத்தானின் வயரும் திருகுத் துளைகளும்கூடத் தனி அமைப்பாக இருக்கக்கூடும். அப்படியானால் கேபினட்டும் பவர் சப்ளையும் செலவுக் கணக்கில் சேர வேண்டும்.

பவர் சப்ளை தனியாக வாங்கியது என்றால் 450 வாட் என்பதைவிட ப்ராசஸருக்கான இணைப்பைப் பாருங்கள். 4+4 பின் இருந்தால் நல்லது. கிராபிக்ஸுக்கான 6+2 பின்னும் எட்டுதான், ஆனால் 12 வோல்ட்டும் தரையும் தலைகீழாக இருக்கும். வடிவம் வேறு என்பதால் சுலபமாக நுழையாது. வலிந்து நுழைத்தால் போர்டு போய்விடும்.

பழைய கூலர் வருமா? எல்ஜிஏ1151 கூலரின் துளை இடைவெளி 75 மில்லிமீட்டர், எல்ஜிஏ1700-இல் 78. தயாரிப்பாளர் தரும் மாற்றுப் பிடிப்பு இல்லாமல் வராது. ஏஎம்4-இலிருந்து ஏஎம்5-க்குப் போகிறவர்களுக்கு, போர்டோடு வரும் பின்தகட்டிலேயே திருகும் கூலர்கள் பொருந்தும். சொந்தப் பின்தகடு கேட்கும் கூலர்கள் பொருந்தாது, ஏனென்றால் ஏஎம்5-இல் அந்தத் தகடு சாக்கெட்டோடு சேர்ந்தது, கழற்றுவதற்கில்லை.

ப்ராசஸரில் உள்ளிணைந்த கிராபிக்ஸ் இருக்கிறதா என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள். இன்டெலில் 'எஃப்' எழுத்து வந்தால் இல்லை. ஏஎம்4-இல் ரைசன் 5 5600, 5700எக்ஸ் போன்றவற்றில் இல்லை. 'ஜி' வகையில்தான் உண்டு. அந்த ப்ராசஸர்களோடு போர்டின் எச்டிஎம்ஐ துளையில் மானிட்டரைச் செருகினால் இருட்டுத்தான்.

பயாஸ் பற்றி. புதிய ப்ராசஸர், நெடுநாள் கிடங்கில் இருந்த போர்டு என்ற ஜோடி பெரும்பாலும் முதல் நாளே நின்றுவிடும். விசிறி சுழலும், திரை வராது. பி660 போர்டில் 14-ஆம் தலைமுறை, முதலில் வந்த பி650-இல் ரைசன் 9000, பழைய பி550-இல் 5600 எல்லாம் இந்த வகை. ப்ராசஸரே இல்லாமல் பயாஸை மேம்படுத்தும் ஃப்ளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டை வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. எஃப்ஏடி32-இல் ஃபார்மட் செய்த பென்டிரைவில் பயாஸ் கோப்பை வைத்து, கையேடு சொல்லும் பெயரை அதற்கு இட்டு, குறிப்பிட்ட யுஎஸ்பி துளையில் செருகி, 24 பின்னும் ப்ராசஸர் பவரும் இணைத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். விளக்கு சிமிட்டி அடங்க ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகலாம்; நடுவில் மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வாங்குகிறவர்கள் பயாஸ் மேம்பாட்டைக் கட்டாயம் செய்யுங்கள். அதிக மின்னழுத்தத்தால் அந்த ப்ராசஸர்கள் மெல்லப் பழுதடைந்த சிக்கலுக்கு இன்டெல் 2024 ஆகஸ்ட் முதல் வெளியிட்ட மைக்ரோகோட் திருத்தங்கள் பயாஸ் வழியாகத்தான் பாதுகாப்பாக வந்து சேரும்; ஏற்கெனவே கெட்டதை அவை சரிசெய்யாது.

பழைய போர்டைக் கழற்றும் முன் மூன்று வேலை. விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் வசதி) இயங்கினால் அதன் மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். டிபிஎம் (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) பழைய போர்டோடு போய்விடுவதால் புதிய போர்டு அந்தச் சாவியைக் கேட்கும். விண்டோஸ் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணையுங்கள். கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் பழைய போர்டோடு கட்டுண்டது, அது புதியதற்கு வராது. மூன்றாவது, எம்எஸ்இன்ஃபோ32-ஐத் திறந்து 'பயாஸ் மோட்' என்ற வரியைப் பாருங்கள். லெகஸி என்றிருந்தால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கிறது, புதிய போர்டு அதிலிருந்து தொடங்காமல் போகலாம். முக்கியமான கோப்புகளைப் பிரதி எடுத்தபின் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றலாம். ஆறேழு ஆண்டுப் பழைய நிறுவல் என்றால் புதிதாக விண்டோஸ் நிறுவுவதே மேல்.

பொருத்தும்போது எல்ஜிஏ சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை முதலில் பிடுங்காதீர்கள். ப்ராசஸரை வைத்து நெம்புகோலை அழுத்தினால் அதுவே தெறித்து வெளியே வரும். அதைப் பத்திரப்படுத்துங்கள், வாரண்டிக்கு அனுப்பும்போது கேட்பார்கள். சாக்கெட்டின் பின் ஒன்று வளைந்தாலும் ரேமின் ஒரு சேனல் மட்டும் தெரியாமல் போவது போன்ற விசித்திரமான கோளாறுகள் வரும்.

கேபினட்டுக்குள் திருகும் முன், போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து ப்ராசஸர், கூலர், ஒரு ரேம், பவர் மட்டும் இணைத்து, பவர் பொத்தானுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு ஓட்டிப் பாருங்கள். வெள்ளி நிற ஆன்ட்டிஸ்டாட்டிக் உறையின் மேல் வைத்து ஓட்ட வேண்டாம், அதன் வெளிப்புறம் மின்சாரம் கடத்தும். பிறகு கேபினட்டில் போர்டைத் தாங்கி நிற்கும் பித்தளை ஸ்டாண்டாஃப்களைப் போர்டின் துளைகளோடு எண்ணிப் பொருத்துங்கள். ஏடிஎக்ஸ் போர்டு இருந்த கேபினட்டில் சிறிய போர்டு போகும்போது கூடுதலாக நிற்கும் ஒரு ஸ்டாண்டாஃப், போர்டின் அடியில் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும்.

ஏஎம்5-இல் முதல் தடவை இயக்கியதும் திரை பல நிமிடம் கறுப்பாகவே இருக்கும். போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. இரண்டு நிமிடத்தில் பொறுமை இழந்து அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால் போர்டின் ஓரத்தில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்ற நான்கு விளக்குகளில் எது அணையாமல் நிற்கிறது என்று பாருங்கள். டிரேம் என்றால் ஒரே ஒரு குச்சியை இரண்டாவது ஸ்லாட்டில் 'டக்' என்ற சத்தம் வரும்வரை அழுத்திப் போட்டுப் பாருங்கள். சிபியு என்றால் 8-பின் பவர், பயாஸ் பதிப்பு, சாக்கெட் பின் என்ற வரிசையில் தேடுங்கள். விஜிஏ என்றால் மானிட்டர் கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.